பழைய பெயருக்கு முன்னால்

கருவிகளுக்குப் பெயர் வைக்கும் வேலை பார்த்தவளின் நிழல், அவளைவிட மூன்று வயது மூத்தது. பிறந்த அன்றே அது தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரித் தொட்டிலில் பச்சைக்குழந்தை மல்லாந்து கிடக்க, அதன் நிழல் மட்டும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. முதலில் பார்த்த நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் குழந்தையைப் பார்க்கவில்லை, விளக்கை அண்ணாந்து பார்த்தார், கோளாறு அதில்தான் என்றார். எலெக்ட்ரீஷியன் வந்து டியூப் லைட்டை மாற்றினார். புது வெளிச்சத்தில் நிழல் இன்னும் துல்லியமாக, ரிப்பன் முடிச்சுகூடத் தெரிகிற அளவுக்கு விழுந்தது. அதற்கு மேல் விளக்கு மாற்ற அங்கே யாருக்கும் நேரமில்லை. தாயையும் சேயையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த வீட்டில் அதற்கு முன் ஒரு பெண்குழந்தை இருந்தது. மூன்று வயதில் காய்ச்சல் வந்து, காய்ச்சல் இறங்கிவிட்டது என்று எல்லோரும் மூச்சு விட்ட மறுநாள் போய்விட்டது. அப்போது அம்மாவுக்கு நிறைமாதம். இரண்டாவது பிறந்ததும் அம்மா அதைக் கையில் வாங்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த நிழலைப் பார்த்து மூத்தவளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நிழல் தலையைத் தூக்கியது. பக்கத்தில் நின்ற அப்பா ஒரு தையல்காரர், தப்பாக வெட்டிய துணியையே எப்படியாவது ஒப்பேற்றிவிடுகிறவர். அந்தப் பெயரே இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். அப்படியாகப் புதிதாக வந்தவளுக்கு என்று ஒரு பெயர் யோசிக்கப்படவே இல்லை.

முதல் வருடம் நிழல் தன் இஷ்டத்துக்கு நடமாடியது. குழந்தை நடக்கத் தொடங்கியதும் அதுவும் அடங்கி, அவள் செய்ததையே செய்தது, ஆனால் மூத்தவளின் உடம்பில் செய்தது. அவள் பால் பல் விழுந்து ஓட்டை வாயோடு திரிந்தபோது நிழலுக்கு நீளப் பின்னல். அவள் பள்ளியின் கடைசி வகுப்புகளுக்கு வந்தபோது நிழல் கல்லூரிப் பெண்ணாக, கொஞ்சம் நிமிர்ந்து, கொஞ்சம் அலட்சியமாக நடந்தது. தெருவில் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு மறந்தார்கள். அப்பாவுக்கு அதனால் ஒரு வசதியும் இருந்தது. வளர்கிற பிள்ளைக்குப் பெரிதாகத் தைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எவ்வளவு பெரிதாக என்பது அவர் ஒருவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். நிழலைச் சுவரில் நிறுத்தி டேப்பால் அளந்து, சீருடையை வெட்டுவார். அது அவளுக்கு மூன்று வருடம் வரும். முதல் வருடம் முழுக்க அவள் அதற்குள் எங்கோ இருப்பாள்.

அம்மா சுவரோடு பேசினாள். கூடத்தில் விளக்குக்கு எதிர்ச்சுவரைப் பார்த்தபடி ஒரு ஸ்டூல் இருந்தது, அதுதான் அம்மாவின் இடம். பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் விளக்கின் முன்னால் வந்து நிற்க வேண்டும். அம்மா சுவரைப் பார்த்து, சாப்பிட்டாயா, யாராவது திட்டினார்களா, ஏன் முகம் வாடியிருக்கிறது என்றெல்லாம் விசாரிப்பாள். பதிலை அவள் சொல்ல வேண்டும். தலை வாரும்போதும் அம்மாவின் கண் சுவரில்தான் இருக்கும், அதனால் வகிடு எப்போதும் கோணலாக விழும். சோறு போடும்போது தட்டைப் பார்ப்பாள். அம்மா கெட்டவள் இல்லை. ஒரு வேளைகூடப் பசியோடு படுக்க விட்டதில்லை. பெற்ற மகளின் முகத்தை ஏறெடுத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். பெண்ணுக்கு அதில் கோபம் வந்ததா என்றால், வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரொம்ப நேரம் ஒரே பக்கமாகப் படுத்தவனின் கை மாதிரி, அந்த இடமே மரத்துப் போயிருந்தது.

கல்லூரியில் சேர்ந்த வருடம் ஒரே ஒரு தடவை, மூத்தவளின் பெயரை எடுத்துவிடச் சொல்லி அப்பாவிடம் கேட்டாள். தையல் மெஷினை நிறுத்தாமலே அவர் சொன்னார்: "எடுத்தா உங்கம்மா அவளை இன்னொரு தடவை தூக்கிக் குடுக்கணும். முடியாதும்மா." அவள் சரியென்று போய்விட்டாள். வேலைக்குப் போன பிறகு ஒருவன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்தான், தங்கமான ஆள், சாலிடரிங் பிரிவில் இருந்தான். அம்மா சுவரிடம் சம்மதம் கேட்டாள். சுவர் ஒன்றும் சொல்லவில்லை. அதோடு அந்தப் பேச்சு நின்றது, அவனும் வேறு இடம் பார்த்துக்கொண்டான்.

அவள் வேலை பார்த்தது குளிர்பதனக் கிடங்குகளுக்குக் கட்டுப்பாட்டு போர்டுகள் செய்யும் கம்பெனியில், மூன்றாவது மாடியில், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும் அறையில். அவள் வேலையைச் சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். ஒரு போர்டில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்பது அந்தப் போர்டை இயக்கும் அடிப்படை நிரலான கெர்னலுக்குத் தானாகத் தெரியாது. வெப்பத்தை அளப்பது ஒன்று, விசிறியைச் சுற்றுவது ஒன்று, மணி பார்ப்பது ஒன்று என்று எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதி வைக்க வேண்டும். டிவைஸ் ட்ரீ என்பார்கள், கிளை கிளையாகப் பிரியும் ஒரு மரம் மாதிரி இருக்கும். கெர்னல் கண் விழித்ததும் அந்த மரத்தைப் படித்து, ஒவ்வொரு பெயருக்கும் உரிய டிரைவரை, அதாவது அந்தக் கருவியை மேய்க்கத் தெரிந்த நிரலை, கூப்பிட்டு ஒப்படைக்கும். டிரைவர் இல்லாத கருவிகளும் உண்டு. அவற்றுக்கும் பெயர் வைத்தே ஆக வேண்டும். டிரைவர் எழுதப் போகிறவர் இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கலாம், பிறக்காமலே இருக்கலாம். அவர் வரும்போது தேடுவதற்குப் பெயர் இருக்க வேண்டும். ஒரு தடவை வைத்து வெளியே போய்விட்டால் மாற்றவும் முடியாது, ஊர் உலகத்தில் எத்தனையோ போர்டுகள் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும். அதனால் சுருக்கக் கூடாது, 'இந்த வகையறா' என்று பொதுவாகச் சொல்லக் கூடாது, அது நமக்கு என்ன செய்கிறது என்பதை விட்டு அது என்ன என்பதைச் சொல்ல வேண்டும். அவள் இதில் கெட்டிக்காரி. ஆபீஸில் எல்லோரும் அவளைப் பெயர்க்காரி என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது, அது யாரும் உடுத்திக் கழித்தது இல்லையே.

அந்தப் பெயர்க்காரிதான் அந்தத் தப்பைச் செய்தாள். வெப்பம் அளக்கும் பழைய சென்சாரின் உற்பத்தி நின்றுபோய், அதே இடத்தில் அதே அளவில் புதிய சென்சார் ஒன்று வந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று தயாரித்தவர்கள் சத்தியம் செய்தார்கள். பழைய டிரைவரோடு ஓட்டிப் பார்த்தாள், ஓடியது. மரத்தில் பழைய பெயரை மட்டும் எழுதினாள். வேறு யாராவது என்றால் ஒரு நிமிடம் யோசித்திருப்பார்கள். ஒன்று போன இடத்துக்கு இன்னொன்று வந்தால் பழைய பெயரையே வைப்பதுதான் அவள் பிறந்து வளர்ந்த வீட்டு நடைமுறை. அது அவள் கண்ணுக்கு உறுத்தவில்லை. மேனேஜரும் எட்டிப் பார்த்துவிட்டு, "ஓடுதுல்ல? அப்புறம் என்ன," என்றார். போர்டுகள் கிளம்பிப் போயின.

கோடை தொடங்கும் வரை ஒன்றும் தெரியவில்லை. பிறகு கிடங்குகளிலிருந்து போன் வர ஆரம்பித்தது. புதிய சென்சார் கண் விழித்ததும் கொஞ்சம் அவகாசம் கொடுத்தால்தான் தன் குளிரைச் சொல்லும். பழையதுக்கு அந்தச் சுணக்கம் கிடையாது. பழையதுக்காக எழுதப்பட்ட டிரைவர் வந்து நின்ற காலில் கேட்க, புதியது தடுமாறி, பழைய சென்சார் எப்போதோ எங்கேயோ உணர்ந்த குளிரையோ சூட்டையோ எடுத்துச் சொன்னது. பூக்கிடங்கில் இருந்த சென்சார், மூடப்பட்டு வருடங்களான ஒரு பால் டிப்போவில் மின்சாரம் நின்றுபோன மத்தியானத்தின் வெக்கையைச் சொன்னது. இயந்திரம் பதறிப்போய் ஓய்வில்லாமல் ஓடியது. காலையில் கதவைத் திறந்தவர்கள் ரோஜாக்களைக் கண்ணாடிச் சில்லு மாதிரி பெருக்கி அள்ளினார்கள். பழக்கிடங்கில் இருந்தது ஒரு பழைய ஐஸ் பாக்டரியின் உறைபனியைச் சொல்ல, இயந்திரம் நிம்மதியாகத் தூங்கிவிட்டது. பழுத்த வாசனை நாலு தெரு தாண்டி அடித்தது. ஒரு கிடங்குக்காரர் தன் சென்சார் காட்டும் சூட்டையும் குளிரையும் பார்த்தே, அது தன் மாமனார் கடையில் அந்தக் காலத்தில் ஓடிய குளிர்பெட்டிதான் என்று அடையாளம் கண்டுபிடித்து, கொஞ்ச நேரம் அதன் எதிரில் நின்றுவிட்டுப் போனார்.

டிரைவரைத் திருத்தினால் முடிந்தது என்று மேனேஜர் நினைத்தார். கேள்வியைக் கொஞ்சம் தாமதமாகக் கேட்கச் சொன்னால் போதுமே. ஆனால் தாமதித்தால் பழைய சென்சார்கள் தூங்கிவிடும், அவை இன்னும் எத்தனையோ கிடங்குகளில் ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தன. புதியதுக்கு மட்டும் தாமதி என்று சொல்லலாம் என்றால், எது புதியது என்று டிரைவருக்கு எப்படித் தெரியும்? இரண்டும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. அந்தப் பெயருக்குள் வேறு என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு ஒரு வழியும் மரத்தில் இல்லை.

எல்லாக் கம்பெனிப் போர்டுகளின் பெயர்களும் போய்ச் சேரும் கெர்னலின் பெரிய மரத்தைக் காப்பவர்கள் வேறு தேசங்களில் இருந்தார்கள், மெயிலில் மட்டுமே பேசுவார்கள். அவர்களில் ஒருவருக்கு ஆபீஸில் கறார் என்று பட்டப்பெயர். வணக்கம் சொல்லாமல் ஆரம்பித்து நன்றி சொல்லாமல் முடிப்பவர். பெயர்க்காரி நடந்ததை அவருக்கு எழுதினாள். புதிய சென்சாருக்கென்று டிரைவர் எதுவும் இன்னும் எழுதப்படவில்லை, அதனால்தான் தனிப்பெயர் வைக்கவில்லை என்றும் எழுதினாள். பதில் மறுநாள் வந்தது. டிரைவர் இல்லை என்பது பெயர் இல்லாமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. புதியதன் பெயரை முன்னால் எழுதவும். பழையதை அழிக்க வேண்டாம், பின்னால் இருக்கட்டும். புதியதைத் தெரிந்த டிரைவர் வரும்வரை பழைய பெயரில் வேலை நடக்கும். இவ்வளவுதான் மெயில். அவள் இந்த விதியை வேறு எத்தனையோ கருவிகளுக்குக் கடைப்பிடித்தவள், புதிய ஆட்களுக்கு எடுத்துச் சொன்னவள். அன்றைக்கு அதை முதல் தடவையாகப் படிக்கிறவள் மாதிரி படித்துவிட்டு, திரும்ப மேலே போய் மறுபடியும் படித்தாள்.

புதிய பெயரைக் கண்டால் மட்டும் கொஞ்சம் பொறுத்துக் கேள் என்று பழைய டிரைவரில் ஒரு வரி சேர்த்தார்கள், ஆனால் ஏற்கெனவே போன போர்டுகளைக் கையால்தான் திருத்த வேண்டும் என்று ஆனது. பெயர்க்காரியே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிடங்கு கிடங்காகப் போனாள். இரவல் வாங்கிய ஸ்வெட்டரோடு உள்ளே நின்று, மரத்தைத் திறந்து, பழைய பெயருக்கு முன்னால் புதிய பெயரை அடித்து, போர்டைத் தூங்க வைத்து எழுப்புவாள். சென்சார் தனக்கு வேண்டிய அவகாசத்தை எடுத்துக்கொண்டு, அந்த அறையின் குளிரைச் சொல்லும். தன் குளிரை. உறைபனி படிந்த சுவரில் மூத்தவளின் நிழல் அவளோடு சேர்ந்து குனிந்து நிற்கும். அந்த வேலையின் நடுவே ஒரு கிடங்கில், திருத்தி முடித்த பிறகும் அவள் வெளியே வராமல் நின்றுகொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. மூக்குதான் ஒழுகியது, அது குளிருக்கு.

அந்தச் சமயத்தில் அம்மாவின் கண் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் நரம்பு காய்கிறது, ஆபரேஷனோ கண்ணாடியோ உதவாது, மழைக்காலம் வரை பார்வை இருந்தால் அதிர்ஷ்டம் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஸ்டூலை இழுத்துச் சுவருக்குக் கிட்டே போட்டுக்கொண்டாள். மிச்சம் இருக்கும் வெளிச்சத்தை எங்கே செலவு செய்வது என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. பெயர்க்காரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். அம்மா மகளின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்காமல் குருடாகப் போகிறாள். இதற்குமேல் தள்ளிப்போட நாள் இல்லை. இத்தனை வருடமாக மரத்துக் கிடந்த இடத்தில் முதல் தடவையாக வலித்தது. வலிக்கிறதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் வழக்கமான இடத்தில் நின்றாள். அம்மா சுவரைப் பார்த்து, ஏன் இளைத்துவிட்டாய் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். வாசலறையில் அப்பாவின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, அக்கா பேரை எடுக்க வேண்டாம்," என்றாள். அந்த வீட்டில் அக்கா என்ற சொல்லை அதுவரை யாரும் உச்சரித்ததில்லை. "அது அப்படியே இருக்கட்டும். அதுக்கு முன்னால எனக்குன்னு ஒன்னு வை. வேற எதுவும் கேக்கல."

அம்மா சுவரிடமே சொன்னாள்: "உன் பக்கம் திரும்பினா அவ போயிடுவாடி."

"போக மாட்டா. பின்னால இருப்பா. நான் பாத்திருக்கேன்."

"எங்க பாத்த?"

"வேலையில."

மெஷின் சத்தம் நின்றிருந்தது. அம்மா சுவரில் கையை வைத்து, நிழலின் பின்னலை மேலிருந்து கீழாகத் தடவிக் கொடுத்தாள். பிறகு ஸ்டூலோடு சேர்ந்து, தரையில் அதன் கால் கிறீச்சிட, மெல்ல மெல்ல இந்தப் பக்கம் திரும்பினாள். கண்ணை இடுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீ எப்ப கண்ணாடி போட்ட?"

"ஏழாவது படிக்கும்போதும்மா."

நிழலுக்குக் கண்ணாடி கிடையாது. மூத்தவளுக்கு நல்ல பார்வை. அம்மா கையை நீட்டி, மகளின் கண்ணாடியைக் கழற்றி, தோளில் கிடந்த துண்டால் துடைத்தாள். அழுக்காக இல்லை, ஆனாலும் ரொம்ப நேரம் துடைத்தாள். பிறகு அதை மாட்டிவிடாமல் மடியில் வைத்துக்கொண்டு, வெறும் முகத்தை விரல்களால் தொட்டுப் பார்த்து, "மூக்கு உங்கப்பா மூக்கு. அவளுக்கு என் மூக்கு," என்றாள். மகள் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள், அம்மா அண்ணாந்து பார்க்க வேண்டாம் என்று. அம்மா யோசித்து ஒரு பெயரைச் சொன்னாள். வாசலறையிலிருந்து அப்பா அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டது கேட்டது. அந்தப் பெயர் இங்கே எழுதப்படவில்லை, அது அவர்கள் வீட்டுக்குள் புழங்குகிற பெயர். ஆபீஸில் அவள் இன்றைக்கும் பெயர்க்காரிதான்.

மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பியபோது தெருவில் இரண்டு நிழல்கள் விழுந்தன. ஒன்று அவளுடைய வயதில், அவளுடைய கூனலோடு, காதோரம் கண்ணாடிக் காம்பு தெரிய, முன்னால் போனது. அதற்குப் பின்னால், ஓர் அங்குலம் உயரமாக, மூன்று வயது மூத்ததாக, மற்றது வந்தது. எதிர்வீட்டுக்காரர் ஒருவர் தெருவிளக்கில் கோளாறு என்று மனு எழுதிக் கொடுத்தார். பட்டப்பகலில் விளக்கு எரிவதே இல்லையே என்று யாரோ சொன்னதும் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த வாரமே அப்பா மகளைக் கூப்பிட்டு நிறுத்தி, முதல் தடவையாக அவள் மேலேயே டேப்பை வைத்து அளந்து ஒரு சட்டை தைத்தார். தோள் கொஞ்சம் பிடித்தது. ஆளை அளந்து பழக்கம் விட்டுப்போயிற்று என்றார்.

அம்மாவின் பார்வை டாக்டர் சொன்ன காலத்தைத் தாண்டி ஒரு மாதம் இருந்தது. அந்த நாட்களில் ஸ்டூல் கூடத்தின் நடுவில் கிடந்தது. அம்மா அவள் முகத்தைப் பார்ப்பாள், பிறகு சுவரைப் பார்ப்பாள், பிறகு மறுபடியும் முகத்துக்கு வருவாள். தலை வாரிவிட்டாள், நரை விழத் தொடங்கியிருந்த மகளின் தலையில் வகிடு நேராக விழுந்தது. பிறகு ஒரு காலையில் எழுந்து, விடிந்துவிட்டதா என்று கேட்டாள். விடிந்து நேரமாகியிருந்தது.

கறாரின் மரத்தில் அந்தச் சென்சாரின் பெயர் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இன்னும் இருக்கிறது. அதற்கென்று முழுமையான டிரைவர் எழுத யாரும் வரவில்லை, வருவார்கள். பெயர்க்காரி சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தபடியே வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, முதலில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அப்புறம் மூத்தவளின் பெயர்.

"ரெண்டு பேரும் வந்துட்டீங்களா?"

அவள் விளக்கைப் போட்டு, சுவரை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, "வந்துட்டோம்மா," என்பாள். அம்மா தட்டு எடுத்து வைக்கச் சொல்வாள்.